‘அப்பாடா’ என்று மூச்சு வந்தால் கவனியுங்கள்

நாலு மணி அப்பாயின்ட்மென்ட்டுக்கு வரவில்லை என்று மெசேஜ் வருகிறது. போன வாரம் “இருக்கவே பிடிக்கல மேடம்” என்று சொல்லிவிட்டுப் போன பெண். படித்ததும் உங்களுக்குள் ‘அப்பாடா’ என்று ஒரு மூச்சு. கவுன்சலர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சுட்டிக்காட்டுவது அந்த மூச்சைத்தான். பயம் வந்தால் நெஞ்சு படபடக்கும், தானே தெரியும். ஆளைத் தவிர்க்கத் தோன்றுவது சத்தமில்லாமல் வரும்.

1974-ல் மால்ட்ஸ்பெர்கர், பூயி என்ற இரு அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதைக் கூச்சப்படாமல் எழுதினார்கள். தற்கொலை எண்ணத்தோடு வருபவர்மேல் சிகிச்சை தருபவருக்கு வெறுப்பு வரும், அதில் சீற்றம் ஒரு பங்கு, விலகல் ஒரு பங்கு, நோயாளிக்கு அதிக ஆபத்து விலகலால்தான் என்றார்கள். நான் பார்த்ததும் அதுவே. கோபம் இருக்கும்வரை அந்த ஆள் நம் மனதில் இருக்கிறார். விலகல் வந்துவிட்டால் திரும்பக் கூப்பிட மறக்கிறோம், அவர் பேசும்போது மட்டும் கொட்டாவி வருகிறது, “டாக்டரைப் பாருங்க” என்று அவசரமாக லெட்டர் எழுதுகிறோம். மனநல மருத்துவரிடம் அனுப்புவது பெரும்பாலும் சரியான வேலைதான். ஆனால் லெட்டரோடு நம் அடுத்த தேதியையும் எழுதிக்கொடுத்தோமா என்று பாருங்கள். தேதி இல்லையென்றால் கை கழுவிவிட்டோம்.

இதற்கு நான் செய்வது சாதாரணமானது. கேஸ் ஃபைலோடு சேராத ஒரு சின்ன நோட்டு. அதில் பெயர், ஊர் எதுவும் இருக்காது. அவர் எழுந்து போனதும், அடுத்தவரைக் கூப்பிடும் முன், எனக்கு என்ன ஆனது என்று இரண்டு வரி எழுதுவேன். ‘மிரட்டுகிறாள் என்று தோன்றியது.’ ‘சீக்கிரம் முடியாதா என்று கடிகாரத்தைப் பார்த்தேன்.’ நாகரிகமாக எழுத வேண்டாம். ஒரே ஆளைப் பற்றி இப்படி அடுத்தடுத்து வந்தால், அந்த வாரம் நானே போன் செய்து விசாரிப்பேன். மனம் பின்வாங்கினால் கை முன்னே போகட்டும்.

பயம் எங்கே வேலை செய்கிறது தெரியுமா? நாம் கேட்கும் கேள்வியில். “தப்பா எதுவும் யோசிக்கலயே?” என்று கேட்பவர், ‘இல்ல’ என்ற பதிலை வேண்டிக்கொண்டு கேட்கிறார். எதிரில் இருப்பவருக்கும் அது புரிகிறது, ‘இல்ல மேடம்’ என்று நம்மைக் காப்பாற்றிவிடுகிறார். “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. குரல் இறங்காமல் வரும்வரை சக கவுன்சலர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ‘ஆமாம்’ என்று பதில் வந்ததும் உடனே அறிவுரைக்குத் தாவத் தோன்றும். பாதம் இரண்டும் தரையில் இருக்கட்டும். மூச்சை மெதுவாக வெளியே விட்டுவிட்டு, “எப்போதிலிருந்து?” என்று மட்டும் கேளுங்கள்.

போலீஸ் கேஸாகிவிடுமோ என்று குடும்பத்தார் கேட்பார்கள். நமக்கும் உள்ளே அந்த உதறல் உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே முதலில் கொள்ளச் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதிய குற்றச் சட்டத்தில் இல்லை. இது தெரிந்தாலே பாதி நடுக்கம் குறையும்.

இன்னொரு பொறி இனிப்பானது. “உங்களத் தவிர எனக்கு யாருமில்ல மேடம்.” கேட்டதும் உள்ளே ஒரு பெருமை. அன்றிரவே வாட்ஸ்அப்பில் அரட்டை தொடங்கும், பத்து நாளில் போன் ஒளிர்ந்தாலே வயிறு கலங்கும், பிறகு மேலே சொன்ன விலகல். அதனால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்: “ராத்திரி ஒன்பதுக்கு மேல என் போன் ஆஃப். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் உங்க வீட்டுல சொல்வேன். முடிஞ்சவரைக்கும் உங்ககிட்ட சொல்லிட்டுதான் சொல்வேன்.” பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: எண்ணம் முற்றுவதற்கு என்ன அறிகுறி, தானே என்ன செய்து பார்க்கலாம், யாரிடம் போகலாம், ஆபத்தான பொருட்களை வீட்டில் யார் பொறுப்பில் வைப்பது, எந்த எண்ணுக்கு அழைப்பது. 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். எழுதி முடித்ததும், அவரை அங்கிருந்தே ஒரு முறை அந்த எண்ணுக்குப் பேச வையுங்கள். அன்று இரவு நமக்கும் தூக்கம் வரும்.

சூப்பர்விஷன், அதாவது கேஸ்களைப் பற்றிப் பேசி வழிகாட்ட ஒரு மூத்தவர், இல்லாமல் தனியாக ஓட்டுகிறவர்கள் நம் ஊர்களில் அதிகம். வாரம் ஒரு நாள், ஒரே நேரம், நம்பிக்கையான ஒரு சக கவுன்சலர் போதும். அடையாளம் எதுவும் சொல்லாமல் கேஸ் விவரம் ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டும்; மீதி நேரம் முழுக்க “உனக்கு எப்படி இருந்தது?” விவரம் நீண்டுகொண்டே போனால் நிறுத்திக் கேளுங்கள். விவரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எங்கள் தொழிலில் சுலபம்.

இத்தனைக்குப் பிறகும் சிலர் இறந்துபோவார்கள். சேதி வந்த அன்று அவசரமில்லாத அப்பாயின்ட்மென்ட்டுகளைத் தள்ளி வையுங்கள். ஆபத்தில் இருக்கும் மற்றவர்களை மட்டும் விடாமல் பாருங்கள், முடியாவிட்டால் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய குறிப்புகளில் ஒரு எழுத்தையும் திருத்த வேண்டாம். குடும்பத்தார் பேச வந்தால் உட்கார வைத்துக் கேளுங்கள். இறந்தவர் உங்களிடம் ரகசியமாகச் சொன்னது அப்போதும் ரகசியம்தான்.