பெங்களூர்ல ஒரு சனி ஞாயிறு: படம், சாப்பாடு, பீர், ஒயின் நாலையும் ருசிச்சு அனுபவிக்கிறது எப்படி

சேலம், கோயம்புத்தூர்லேர்ந்து ஃப்ரெண்ட்ஸ் யாராச்சும் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினாங்கன்னா எனக்கு வர்ற மெசேஜ் ஒண்ணுதான், "மச்சி நாளைக்கு என்ன ப்ளான்". பன்னெண்டு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், வர்றவங்க செய்யற தப்பும் ஒண்ணேதான். மத்தியானம் பன்னெண்டு மணிக்கே பப்ல போய் உக்காந்துடுவாங்க, நாலு மணிக்கு தலை கனத்துடும், சாயங்கால ஷோக்கு போட்ட டிக்கெட் வீணாப் போயிடும், ராத்திரி நல்ல சாப்பாடு வந்தாலும் ருசி தெரியாது. அதனால நான் சொல்றது ஒரே விஷயம், வரிசையை மாத்துங்க. காலைல டிபன், அப்புறம் படம், படம் முடிஞ்சு சாப்பாடு, பொழுது சாஞ்சப்புறம் பீர். ஒயினை சனிக்கிழமைல சேக்கவே சேக்காதீங்க, அது ஞாயித்துக்கிழமைக்கு.

டிபனுக்கு லால்பாக் ரோட்ல இருக்கற எம்டிஆர். 1924ல ஆரம்பிச்ச கடை, ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அரிசி கிடைக்காம ரவையை வெச்சு இட்லி பண்ணிப் பாத்தது நாங்கதான்னு அவங்க சொல்லுவாங்க, அந்த ரவா இட்லியை நெய் விட்டு சாப்பிட்டுட்டு ஒரு காபி குடிச்சாப் போதும். சனி ஞாயிறுல கூட்டம் பயங்கரமா இருக்கும், பேர் குடுத்துட்டு உக்காரணும், எட்டு மணிக்கு முன்னாடி போனா காத்திருக்கறது குறையும். திங்கக்கிழமை லீவு. தோசைதான் வேணும்னா காந்தி பஜார்ல வித்யார்த்தி பவன் இருக்கு (1943லேர்ந்து), இல்லேன்னா மல்லேஸ்வரம் சிடிஆர்ல பெண்ணெ (வெண்ணெய்) மசாலா தோசை. தட்டுல சட்னிதான் வரும், நம்ம ஊர் மாதிரி சாம்பார் வாளியை எதிர்பாக்காதீங்க, ஆனா அந்த வெண்ணெய் முறுகலுக்கு சாம்பார் தேவையும் இல்ல.

எம்டிஆரை சொன்னதுக்கு இன்னொரு காரணம், அங்கேர்ந்து ஊர்வசி தியேட்டர் நடந்து போற தூரம்தான். பெரிய திரை, சவுண்ட் சூப்பரா இருக்கும், தமிழ் படமும் போடுவாங்க. அல்சூர் பக்கம் தங்கியிருந்தீங்கன்னா லாவண்யா தியேட்டர். அந்த ஏரியா முழுக்க தமிழ் காதுல விழும், பெரிய ஹீரோ படம்னா முதல் நாள் அங்க இருக்கற சந்தோஷம் மால்ல கிடைக்காது. சிங்கிள் ஸ்கிரீன் இருக்கற வரைக்கும் அதுலயே பாருங்கன்னு நான் எல்லார்கிட்டயும் கெஞ்சிக் கேக்கறேன், ஏன்னா இப்ப எம்.ஜி. ரோடு மெட்ரோ ஸ்டேஷன் நிக்கற எடத்துலதான் ஒரு காலத்துல ப்ளாசா தியேட்டர் இருந்துது, பிரிகேட் ரோட்ல ரெக்ஸ் இருந்துது, ரெண்டுமே இப்ப இல்ல. டிக்கெட் போடும்போது திரைலேர்ந்து மூணுல ரெண்டு பங்கு பின்னாடி, நடு சீட்டா பாத்து எடுங்க, சவுண்ட் நாலு பக்கமும் சமமா வர்ற எடம் அதான்.

கன்னடப் படத்தையும் விட்றாதீங்க. டிக்கெட் ஆப்ல சப்டைட்டில் இருக்கான்னு போட்டிருப்பாங்க, ஒருவேளை இல்லேன்னாலும் பாதி நமக்குப் புரியும், ரெண்டாவது மூணாவது படத்துல காது பழகிடும். கமர்ஷியல் படம் அலுத்துப் போச்சுன்னா பனசங்கரில 1971ல தொடங்கின சுசித்ரா ஃபிலிம் சொசைட்டி இருக்கு, தொம்மலூர்ல பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டர் இருக்கு, அங்க நிறைய நிகழ்ச்சி இலவசம்தான், முன்கூட்டியே சீட் பதிவு பண்ணிட்டு போங்க. வருஷ ஆரம்ப மாசங்கள்ல பெங்களூர் சர்வதேச திரைப்பட விழா நடக்கும், ஒரு வாரம் லீவு போட்டுட்டு பாஸ் எடுத்தா காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் உலகத்துல எங்கெங்கியோ எடுத்த படங்களைப் பாக்கலாம்.

மத்தியானம் தொன்னெ பிரியாணி. தொன்னைன்னா நமக்கு கோயில் பிரசாதம்தான் ஞாபகம் வரும், இங்க அதே இலைக் கிண்ணத்துல சீரக சம்பா அரிசி, புதினா கொத்தமல்லி வாசத்தோட மட்டன். ஜெயநகர் சிவாஜி மிலிட்டரி ஹோட்டல்ல லேட்டாப் போனா தீந்துடும். சாப்டுட்டு ரூமுக்குப் போய் ஒரு மணி நேரம் தூங்குங்க. நிஜமாத்தான் சொல்றேன், சாயங்காலம் நல்லா இருக்கணும்னா இந்தத் தூக்கம் முக்கியம்.

இப்ப பீர். நம்ம ஊர்ல பீர்னா டாஸ்மாக்ல வாங்கற 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டில்தான் பழக்கம், அதை ஐஸ் மாதிரி குளிர வெச்சு வேகமாக் குடிக்கறது, ஏன்னா குளிர் குறைஞ்சா வாய்ல வைக்க முடியாது. பெங்களூர் மைக்ரோப்ரூவரில அந்தப் பழக்கத்தை வாசல்லயே விட்டுட்டு போகணும். பீரை அங்கயே காய்ச்சி அங்கயே ஊத்தறாங்க, பாட்டில்ல அடைச்சு மாசக்கணக்குல வெக்கறது இல்ல, அதான் விஷயமே. 2010ல இந்திரா நகர் 100 அடி ரோட்ல டாய்ட் ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் ஆர்பர், வைட்ஃபீல்டுல விண்ட்மில்ஸ்னு ஊர் பூரா வந்துடுச்சு. டாய்ட் இந்திரா நகர் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு, ஜெயநகர் பக்கம் தங்கியிருக்கறவங்க க்ரீன் லைன்ல ஏறி மெஜஸ்டிக்ல மாறி பர்ப்பிள் லைன்ல வந்துடலாம். சனிக்கிழமை ஏழு மணிக்கு மேல எடம் கிடைக்கறது கஷ்டம், அஞ்சரைக்கே போங்க, ஐடி கார்டு வெச்சுக்கோங்க, 21 ஆகலேன்னா ஊத்த மாட்டாங்க.

உக்காந்த உடனே ஃபுல் க்ளாஸ் ஆர்டர் பண்ணாதீங்க. சாம்ப்ளர்னு கேளுங்க, சின்னச் சின்ன க்ளாஸ்ல அஞ்சாறு வகை வரும். லேசான நிறத்துலேர்ந்து கறுப்பு வரைக்கும் வரிசையாக் குடிக்கணும், கறுப்பை முதல்ல குடிச்சா மத்ததெல்லாம் தண்ணி மாதிரி தெரியும். குடிக்கறதுக்கு முன்னாடி மூக்குகிட்ட கொண்டு போங்க. ஜெர்மன் பாணி கோதுமை பீர்ல வாழைப்பழ வாசமும் லவங்க வாசமும் வரும், யாரும் பழத்தைப் போடல, லவங்கமும் போடல, அந்த ஈஸ்ட் தர்ற வாசம் அது, பீர் கலங்கலா இருக்கறதும் கெட்டுப் போனதால இல்ல. 'விட்'னு சொல்ற பெல்ஜியம் பாணி கோதுமை பீர்ல நிஜமாவே ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போடுவாங்க, நம்ம தனியாவேதான். ஐபிஏன்னு ஒரு வகை பீர் கசக்கும், அது ஹாப்ஸ் பூவோட கசப்பு, முதல் வாய்ல பிடிக்கலேன்னா தள்ளி வெச்சுட்டு கடைசில திரும்ப ஒரு வாய் பாருங்க. ஸ்டவுட்ங்கறதுதான் அந்தக் கறுப்பு பீர், அதுல வறுத்த பார்லி, ஃபில்டர் காபி குடிச்சு வளந்த நாக்குக்கு அது சட்டுனு பிடிச்சுடும், எனக்கு அப்படித்தான் பிடிச்சுது. ஸ்டவுட் ரொம்பக் குளிர்ச்சியா வந்தா அஞ்சு நிமிஷம் அப்படியே விடுங்க, வாசம் அப்பத்தான் எழும்பும்.

கணக்கு ஒண்ணு சொல்றேன், 5 சதவீத பீர் அரை லிட்டர்ல 25 மில்லி ஆல்கஹால், 8 சதவீத ஸ்ட்ராங் பாட்டில் 650 மில்லில 52 மில்லி. அதாவது ரெண்டு பெரிய க்ளாஸ் இங்க குடிச்சா ஊர்ல ஒரு பாட்டில். அதுக்கு மேல போனா வித்தியாசம் எதுவும் நாக்குக்குத் தெரியாது, நான் ரெண்டோட நிறுத்திடுவேன், நடுவுல ஒரு க்ளாஸ் தண்ணி. தொட்டுக்க காரமா வேணும்னா கோதுமை பீரோட நெய் ரோஸ்ட் சிக்கன் பிரமாதமா சேரும். ரூம்ல உக்காந்து குடிக்கறவங்க எந்த ஐயங்கார் பேக்கரிலயாவது காங்கிரஸ் கடலைன்னு கேட்டு வாங்குங்க, தோல் நீக்கி ரெண்டா உடைச்ச வேர்க்கடலைல கறிவேப்பிலை பெருங்காயம் போட்டது, 1969ல காங்கிரஸ் ரெண்டா உடைஞ்சப்ப வந்த பேருன்னு சொல்லுவாங்க.

வண்டி மட்டும் எடுத்துட்டுப் போகவே கூடாது. 100 மில்லி ரத்தத்துல ஆல்கஹால் 30 மில்லிகிராம் தாண்டினாலே கேஸ், முதல் தடவையே பத்தாயிரம் அபராதம், ஜெயிலும் உண்டு, அதை விட ரோட்ல போற யாரோ ஒருத்தரோட உயிர். மெட்ரோ கடைசி ரயில் எத்தன மணிக்குன்னு உள்ள போறதுக்கு முன்னாடியே பாத்து வெச்சுக்கோங்க.

ஞாயித்துக்கிழமை ஒயின். நந்தி மலை அடிவாரத்துல தொட்டபள்ளாபுரம் பக்கம் க்ரோவர் திராட்சைத் தோட்டம் இருக்கு, ஊர்லேர்ந்து சுமார் 40 கிலோமீட்டர், 1992ல தங்களோட முதல் ஒயின் போட்டவங்க. டூர் புக் பண்ணிட்டுப் போனா பீப்பாய் அறையெல்லாம் காட்டி, ருசி பாக்கக் குடுப்பாங்க, பிப்ரவரி மார்ச்ல போனா கொடில பழத்தையும் பாக்கலாம். போறதுன்னா டிரைவரோட கேப் பேசிட்டுப் போங்க.

போக முடியலேன்னா வீட்லயே ஒரு பாட்டில், ஒரு படம், நாலு பேர். ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு படிச்சிருப்பீங்க, அது ஐரோப்பாக்காரங்க ரூம், நம்ம ரூம் 28 டிகிரி. குடிக்கறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல வைங்க, வொயிட்டா இருந்தா ரெண்டு மணி நேரம். செட்டிநாடு மட்டனுக்கு ரெட் எடுக்கலாம்னு தோணும், ஆனா துவர்ப்பும் ஆல்கஹாலும் மிளகா எரிச்சலை இன்னும் ஏத்தி விடும், காரத்துக்கு லேசா இனிப்பு இருக்கற செனின் ப்ளாங்க்ங்கற வொயிட் ஒயின்தான் சரி. மீன் வறுவலுக்கு சோவின்யோன் ப்ளாங்க், அதுவும் வொயிட்தான். ரெட்டை காரமில்லாத மட்டன் சாப்ஸுக்கு வெச்சுக்கோங்க. க்ளாஸ்ல மூணுல ஒரு பங்குதான் ஊத்தணும், மீதி எடம் வாசத்துக்கு. பாட்டில் மிச்சம் இருந்தா மூடி போட்டு, ரெட்டா இருந்தாலும் ஃப்ரிட்ஜ்ல நிக்க வைங்க, மூணு நாள் தாங்கும், புதன்கிழமை ஆபீஸ் விட்டு வந்து சனிக்கிழமை பாத்த படத்தைப் பத்தி ஃப்ரெண்டுக்கு போன் போட்டு பேசிக்கிட்டே அந்தக் கடைசி க்ளாஸை முடிச்சுடலாம்.