புது வீட்டுத் தோட்டத்தில் என்ன செடி இது? பிடுங்கும் முன் பாருங்கள்

குடிவந்த வாரமே ஆள் விட்டுத் தோட்டத்தைச் சுத்தம் செய்துவிட்டேன். மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இங்க ஒரு பிரண்டைக் கொடி இருந்துச்சே, துவையலுக்கு ஒடிப்பேன்" என்றார். மனசு கேட்கவில்லை. அதன்பின் பெயர் தெரியாமல் எதையும் பிடுங்குவதில்லை.

1. பொறுங்கள்
ஒரு மழை பெய்து பூக்கும்வரை விடுங்கள். பூவும் காயும் வந்தால் பாதி வேலை முடிந்தது. பார்த்தீனியத்துக்கு மட்டும் இந்தப் பொறுமை வேண்டாம். கேரட் இலை போல நறுக்கிய இலை. வளர்ந்தால் உச்சியில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. தோலில் அரிப்பு வரும், சிலருக்கு மூச்சுத் தொல்லையும் வரும். பூக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு எடுங்கள்.

2. போட்டோ எடுங்கள்
முழுச் செடி, கணு, பூ, காய், இலையின் இரண்டு பக்கமும். அடிப்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். கீழாநெல்லி மேலிருந்து பார்த்தால் குட்டிப் புளிய இலைதான். ஒரு கிளையைத் திருப்பிப் பாருங்கள்: இலைக்கு ஒன்றாக, கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சை மணிகள் வரிசையாகத் தொங்கும். பெயரே அதனால் வந்ததுதான்.

3. கிள்ளி, கசக்கிப் பாருங்கள்
முதலில் காம்பைக் கிள்ளுங்கள். பால் வடிந்தால் அதோடு நிறுத்திக் கையைக் கழுவிவிடுங்கள். எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கண்ணில் படக் கூடாது. பால் இல்லையென்றால் இலையைக் கசக்கலாம். கரிசலாங்கண்ணி என்றால் சாறு கொஞ்ச நேரத்தில் உள்ளங்கையிலேயே கறுத்துவிடும். எனக்கு இன்னும் அலுக்காத சோதனை இது. ஆனால் எதையும் வாயில் வைக்காதீர்கள். அரளி, ஊமத்தை இரண்டும் விஷம். குன்றிமணியின் சிவப்பு விதையைக் குழந்தைகள் ஆசையாக எடுப்பார்கள், கவனம்.

4. செயலியில் தேடுங்கள்
கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட் இரண்டிலும் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே பெயரைச் சொன்னால் ஓரளவு நம்பலாம். தாவரவியல் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஊருக்கு ஊர் பெயர் மாறும். வெட்டுக்காயப் பூண்டும் தாத்தாப்பூவும் ஒரே செடிதான்: ட்ரைடாக்ஸ் புரோகம்பென்ஸ்.

5. பெரியவர்களிடம் கேளுங்கள்
சமைக்கவோ மருந்துக்கோ எடுப்பதென்றால் செயலி போதாது. செடி தெரிந்தவரை நேரில் கூப்பிட்டுக் காட்டுங்கள். அப்புறம் ஒரு மழைக்குப் பின், வேலியோரம் மண்ணில் கிடந்த ஒரு கணு துளிர்த்திருந்தது. நாலு பட்டைத் தண்டு, கணுவில் சுருண்ட பற்றுக்கம்பி. அக்கா வந்து தொட்டுப் பார்த்து, "பிரண்டையேதான்" என்றார்.