கேள்வி முதலில், பெயர் பிறகு

தமிழ் வகுப்பில் வினாக் கேட்கும்போது, மாணவரின் பெயரை முதலில் சொல்லாமல், வினாவை முழுவதுமாகக் கேட்டு, மனத்துக்குள் மூன்று வரை எண்ணிவிட்டு, அதன் பிறகே பெயரைச் சொல்லி எழுப்புங்கள். “செல்வி, பல், பொடி இரண்டும் புணர்ந்தால் என்னவாகும்?” என்று தொடங்கினால், செல்வியைத் தவிர மற்ற அனைவரும் அந்தக் கணமே தமக்கு வேலையில்லை என்று இருந்துவிடுவார்கள், வினாவை முதலில் வைத்தாலோ, யார் பெயர் வரும் என்று தெரியாததால் ஒவ்வொருவரும் ‘பல்பொடியா, பற்பொடியா’ என்று வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார்கள். ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் விடைகள் நீள்வதோடு பேசத் தயங்கும் பிள்ளைகளும் முன்வருகிறார்கள் என்பதையும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களிலேயே எடுத்துக்காட்டினார். கற்பித்தல் பயிற்சியின் முதல் வாரத்தில் அந்த மௌனம் மிக நீண்டதாகத் தோன்றும். விடையை நீங்களே சொல்லி அதை நிரப்பிவிடாதீர்கள்.

சேர்ந்து ஒலிக்கும் பயிற்சி, செய்யுள் ஒப்பித்தல் ஆகியவற்றுக்கு இது தேவையில்லை. செவித்திறன் குறைந்த பிள்ளையிடமும், திடீரென எழுப்பினால் நாக்குழறிப்போகும் பிள்ளையிடமும் பெயரை முதலில் சொல்லி, முகம் பார்த்துக் கேட்பதே முறை.