கடைக்குப் போகும் முன் ஓரத்தை விடுங்கள்

நவம்பர் பிறந்தால் வேலூர் சத்துவாச்சாரியில் என் தையல் கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது. கிறிஸ்மஸுக்கு ஒன்று, நியூ இயருக்கு ஒன்று என்று எங்கள் சபைக்காரர்கள் இரண்டு செட் எடுப்பது பழைய வழக்கம். இப்போது வீடு வீடாகப் பாடப் போகும் கேரல் ரவுண்ட்ஸுக்குத் தனி, பாடகர் குழுவுக்கு ஒரே நிறத்தில் இன்னொன்று என்று ஏறிக்கொண்டே போகிறது. குறை சொல்லவில்லை, என் பிழைப்பே அதில்தான். ஆனால் பிரசங்கம் கேட்டு ஆசையைக் குறைத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. குறைப்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் பிரித்து வையுங்கள்.

வயலை அறுக்கும்போது ஓரத்தை விட்டுவிடு என்கிறது பைபிளின் லேவியராகமம் 19ஆம் அதிகாரம். அறுத்து, அளந்து, வீட்டுக்குக் கொண்டுபோய், மீந்ததைக் கொடு என்று அங்கே இல்லை. அரிவாள் படும் முன்பே அந்த ஓரம் எளியவனுக்கும், வேறு ஊரிலிருந்து வந்த பரதேசிக்கும் உரியது. மோவாபிலிருந்து வந்த ஏழை விதவை ரூத் பெத்லகேமில் கதிர் பொறுக்கப் போனது இதை நம்பித்தான். பிடி அரிசி எடுக்கும் நம் பாட்டிமாரும் உலையில் போடும் முன்பே ஒரு கைப்பிடியைத் தனியாக வைத்தார்கள்.

பண்டிகைச் செலவையும் அப்படியே செய்யலாம். போனஸோ அட்வான்ஸோ கைக்கு வந்த அன்றே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஓரம் எவ்வளவு என்று பேசுங்கள். பத்தில் ஒன்றா, இருபதில் ஒன்றா, அது அவரவர் நிலைமை. சபைக்குக் கொடுக்கும் தசமபாகம் வேறு கணக்கு, இதோடு கலக்க வேண்டாம். பணத்தைக் கவரில் போட்டு, யாருக்கு என்று மேலே எழுதுங்கள். பெயரில்லாத கவர் டிசம்பர் 20க்குள் லாங்கு பஜாரில் கரைந்துவிடும். 'ஏழைகளுக்கு' என்று எழுதினாலும் கரையும். ஆள் யாரென்று தெரிந்திருக்க வேண்டும்.

வேலூரில் இருந்துகொண்டு ஆளைத் தெரியாது என்று சொல்ல முடியாது. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிரே பாபு ராவ் தெருப் பக்கம் நடந்து பாருங்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள் லாட்ஜில் வாரக்கணக்கில் தங்கி, அங்கேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். பரதேசி என்று வேதம் சொல்வது இவர்களைத்தான். என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுங்கள், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனெரி வேலை நமக்கு வேண்டாம், அமெரிக்காவிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தவர். திண்டிவனத்தில் ஓர் இரவு மூன்று கணவன்மார் மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு ஒருவர்பின் ஒருவராக வாசலில் வந்து நின்றார்கள். பெண் டாக்டர் இல்லாமல் மூன்று பெண்களும் பிரசவத்தில் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் டாக்டருக்குப் படித்து, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தார். கேட்டுக் கேட்டு நமக்கு மரத்துப்போன கதைதான். ஆனாலும் 'இந்திய மக்கள்' என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் அவர் மனம் அசைந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

பழைய துணியைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்வேன். கக்கத்தில் கிழிந்ததையும் ஹூக் போனதையும் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு, பீரோவில் புதுசுக்கு இடம் பண்ணுவது தானமே இல்லை. லூக்கா 12இல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டப் பார்த்தானே ஒரு பணக்காரன், அவன் வேலை அது. இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்றார் யோவான் ஸ்நானகன். இரண்டில் மோசமானதைக் கொடு என்று சொன்னதாக நான் படிக்கவில்லை. துவைத்து, ஹூக் வைத்து, தையல் விட்ட இடத்தைத் தைத்துக் கொடுங்கள். உங்களுடைய ப்ளவுஸ் இறுக்கமாகிவிட்டதா? உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருப்போம், பிரித்துவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் ஓடும். கிழிந்த பட்டுப் புடவையில் பிள்ளைக்குப் பாவாடை வரும்.

அப்புறம் கூலி. போனில் 'சேல்' என்று பார்த்ததும் யோசிக்காமல் ஆர்டர் போடும் அதே ஆள், தையல் கூலியில் இருபது ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுவார். எனக்காகச் சொல்லவில்லை என்றால் நம்பமாட்டீர்கள், எனக்காகவும்தான். கூலிக்காரனுக்குப் பொழுது சாயும் முன் கொடுத்துவிடு என்கிறது உபாகமம் 24. அயர்ன் வண்டிக்காரர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, தள்ளுவண்டியில் காய் விற்பவர், இவர்களிடம் பேரமும் வேண்டாம், கடனும் வேண்டாம்.

மலிவாகக் கிடைப்பதற்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், கெடுத்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று 1996இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. நம் வீடுகளில் எத்தனையோ பேருக்கு அந்தத் தொழிலில்தான் சம்பளம், அதனால் ஷூவே வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு ஜோடி வாங்குங்கள், சோல் தேய்ந்தால் மாற்றிப் போடுங்கள்.

கிறிஸ்மஸுக்கு முந்தைய அட்வெந்து நாட்கள் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமையே ஷாப்பிங் ஆப்களின் நோட்டிஃபிகேஷனை அணைத்து, சேமித்து வைத்த கார்டு எண்ணையும் அழித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் எண் முழுவதையும் அடிக்க வேண்டுமென்றால் பாதிப் பொருளை நாமே வேண்டாமென்று விட்டுவிடுவோம். கவரைக் கொடுக்கப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். போட்டோ மட்டும் எடுக்காதீர்கள், ஸ்டேட்டஸிலும் போடாதீர்கள். வாங்கியவர் அடுத்த ஞாயிறு அதே சபைக்கு வர வேண்டும்.