கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நிதி கேட்காதீர்கள்

போன வாரம் குன்னூர்ப் பக்கத்திலிருந்து நான்கு இளைஞர்கள் என்னைப் பார்க்கக் கோத்தகிரிக்கு வந்திருந்தார்கள். இதய நோயுள்ள குழந்தைகளுக்காக ஒரு மாத நடைச் சேலஞ்ச் நடத்தப் போகிறார்களாம். கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஒரு மலை நடை. நோட்டீஸ் மாதிரியை எடுத்து மேஜையில் விரித்தார்கள். மேலே சிவப்பில் ஒரு இதயம். அதற்குக் கீழே, 'நீங்கள் நடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பத்து ரூபாய்'. எட்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் குழுவின் இதே மாதிரி நடைக்கு நான் அச்சடித்த நோட்டீஸ் திரும்பி வந்து உட்கார்ந்தது போல இருந்தது. இதயம்கூட அதே இடத்தில்.

அவர்களிடம் வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நல்ல ஷூ போடுங்கள், தண்ணீர் குடியுங்கள், வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

தினம் பத்தாயிரம் காலடி என்ற இலக்கு

இந்த எண் பிரபலமானது ஒரு கருவியின் பெயரால்தான். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரே 'பத்தாயிரம் அடி மானி' என்பதுதான். அந்தப் பெயர் பிடித்துப்போய் உலகமெல்லாம் இலக்காகிவிட்டது.

முதல் வருடம் நாங்களும் அதையே வைத்தோம். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அக்காமார்கள் மதியத்துக்குள் அதை முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு அது சேலஞ்சே இல்லை, தினசரி வேலை. யார் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டோமோ, அதாவது கல்லாவில் உட்காருபவர், பாங்கில் வேலை பார்ப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், அவர்கள் முதல் வாரத்திலேயே கழன்றுகொண்டார்கள். இன்னொன்று, போனில் இருக்கும் அடி எண்ணிக்கைக்கு ஏற்றம் எது, சமதளம் எது என்று தெரியாது. பள்ளத்திலிருக்கும் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் ஆயிரம் அடியும் மார்க்கெட்டைச் சுற்றும் ஆயிரம் அடியும் அதற்கு ஒன்றுதான்.

நிமிடக் கணக்குக்கு மாறுங்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. தினம் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் என்றாலே அந்தக் கீழ் அளவு வந்துவிடும். மிதமா, அதிகமா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேசவே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பணத்தைத் தூரத்தோடு கட்டுவது

எனக்கு இன்னும் ஆறாதது இது. ஒவ்வொரு சீசனிலும் யாராவது ஒரு புதுக் குழு இதையே செய்வதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது.

எப்படி நடக்கும் என்றால், கலந்துகொள்பவர் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார். சொந்தக்காரர், கடைக்காரர், கூட வேலை செய்பவர் எல்லோரிடமும் போய் 'கிலோமீட்டருக்கு இவ்வளவு தருகிறேன்' என்று எழுதி வாங்குவார். நடந்து முடித்த பிறகு வசூல். கேட்க நன்றாக இருக்கிறது. உழைப்புக்குத் தகுந்த பணம் என்று தோன்றும்.

முதல் சிக்கல் வசூலில். நடை முடிந்ததும் பாதிப் பேருக்கு எழுதிக் கொடுத்ததே மறந்துவிடும். 'அடுத்த வாரம் வாங்க', 'வீட்டுக்காரர் ஊர்ல இல்லை' என்று இரண்டு மாதம் இழுத்தது. எழுதியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கைக்கு வந்தது. சரி, அது பணம், போகட்டும்.

பெரிய சிக்கல் வேறு. இதயத்துக்கான நடைக்கு யார் வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவை நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பில் இழந்தவர் வருவார். அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்தவர் வருவார். தனக்கே சர்க்கரையும் பிரஷரும் இருப்பதால் 'இந்த வருஷமாவது நடக்க ஆரம்பிப்போம்' என்று வருவார். சும்மா ஒரு ஓட்டப் போட்டிக்கு வரும் கூட்டத்தைவிட, நம் நடைக்கு வருபவர்களிடம்தான் இதய நோய் மறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அவர்கள் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, நீங்கள் நின்றால் குழந்தைக்குப் பணம் குறையும் என்று சொல்கிறோம்.

அந்த முதல் வருடம் திருப்பூரிலிருந்து ஒரு அண்ணன் வந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது. பனியன் கம்பெனிகளுக்குச் சரக்கு கொடுப்பவர், நாற்பத்து மூன்று பேரிடம் எழுதி வாங்கியிருந்தார். எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 600 ரூபாய். எங்கள் கூட்டத்திலேயே அதுதான் பெரிய நோட்டு. இரவு வேலை முடித்து வண்டியேறி வந்து மூன்று மணி நேரம் தூங்கியிருக்கிறார். ஜனவரிக் குளிர், கோடநாடு ரோட்டில் காலை ஆறரைக்குப் புறப்பட்டோம், பன்னிரண்டு கிலோமீட்டர்.

எட்டாவது கிலோமீட்டரில் நான் ஜீப்பில் வந்தபோது அவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் மூடுபனி, என் விரல்கள் விறைத்திருந்தன. அவருடைய குல்லாய்க்குக் கீழே நெற்றியெல்லாம் வியர்வை. மூடிய கையை நெஞ்சு நடுவில் வைத்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்னங்கண்ணா?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க தம்பி, வாயுதான். காலைல வெறும் காப்பி குடிச்சேன். இன்னும் நாலு கிலோமீட்டர், ரெண்டாயிரத்து நானூறு ரூபாய். விட்டுட்டுப் போக முடியுங்களா?"

நான் பையிலிருந்து இஞ்சி மிட்டாய் எடுத்துக் கொடுத்தேன். "மெதுவா வாங்கண்ணா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டேன்.

பத்தாவது கிலோமீட்டரில் பாலத் திண்டில் உட்கார்ந்தவர் எழவில்லை. ஈசிஜி எடுத்ததும் மாரடைப்பு என்றார்கள். அங்கிருந்து கோவைக்கு இறக்க இரண்டு மணி நேரம். பிழைத்துவிட்டார், இப்போதும் போனில் பேசுவார். இதயத்தின் ஒரு பகுதித் தசை அந்தத் தாமதத்தில் போய்விட்டது, பழைய மாதிரி மூட்டை தூக்க முடிவதில்லை. அவர் குடும்பம் ஆஸ்பத்திரியில் கட்டிய பணம் எங்கள் அந்த வருட மொத்த வசூலைவிட அதிகம்.

அந்த அண்ணனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஏறும்போது நெஞ்சில் வரும் இறுக்கம், குளிரில் வியர்வை, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, இதெல்லாம் என்ன என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் நெஞ்சுவலிக்கு முதல் பெயர் வாயு. சோடா, ஓமத் தண்ணீர், இஞ்சி, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாகவோ அசதியாகவோ வருவதும் உண்டு. மலை இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கிறது. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்கிப் பிரஷரை ஏற்றும். கீழே இருந்து ராத்திரி ஏறி வந்து விடியற்காலையில் ஏற்றம் நடப்பவருடைய இதயம் இரண்டு பக்கமும் இழுபடுகிறது.

அடுத்த வருடத்திலிருந்து நாங்கள் செய்வது இது. பணத்தைப் பதிவு செய்யும்போதே மொத்தமாக வாங்கிவிடுகிறோம். பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்தாலும் இரண்டு கிலோமீட்டரில் நின்றாலும் குழந்தைக்குப் போகும் தொகை ஒன்றுதான். பாதியில் நின்றவருக்கும் அதே சான்றிதழ். மூன்று கிலோமீட்டருக்கு ஓர் இடத்தில் நர்ஸ் ஒருவர் நிற்பார். 'நீங்கள் போதும், ஜீப்பில் ஏறுங்கள்' என்று அவர் சொன்னால் நானே ஆனாலும் ஏற வேண்டும். பதிவுத் தாளில் மூன்று கேள்விகள்: ஏற்றம் ஏறும்போது நெஞ்சு இறுகுகிறதா, வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்ததா, சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா. ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். 'போன மாசம் ஈசிஜி எடுத்தேன், நார்மல்' என்பார்கள். படுத்துக்கொண்டு எடுத்த ஈசிஜி நார்மலாக இருந்தும் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம். சமவெளியிலிருந்து வருபவர்கள் முந்தின நாளே வந்து, இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும்.

வழியில் எந்த ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்து எல்லாத் தன்னார்வலர் கையிலும் கொடுங்கள். 2023-இல் தமிழக அரசு கொண்டுவந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு அங்கேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாடின் ஆகிய முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். கோவை இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் எங்களுக்கு அது பெரிய விஷயம். அண்ணன் விழுந்த வருடத்தில் அது இல்லை. அப்புறம், சுருண்டு விழுந்து, நினைவும் மூச்சும் இல்லாமல் கிடப்பவரின் நெஞ்சை அழுத்தத் தெரிந்த இரண்டு பேராவது ஒவ்வொரு பகுதியிலும் இருக்கட்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, 108 வரும் வரை நிறுத்தாமல். ஒரு மதியம் பொம்மை வைத்துப் பயிற்சி எடுத்தால் போதும்.

குன்னூர்த் தம்பிகளிடம் இதைச் சொன்னபோது ஒருவர் கேட்டார், "தூரம் இல்லேன்னா ஜனங்களுக்கு உற்சாகம் வராதே, அண்ணா?" வரும். எங்களுக்கு இரண்டாம் வருடம் வசூல் குறையவில்லை, வீடு வீடாக அலைந்து கேட்கும் இரண்டு மாத வேலைதான் குறைந்தது.

வசூல் உங்கள் ஜிபே எண்ணுக்கு வருவது

நாற்பது பேர் உங்களுக்கு அனுப்பி, நீங்கள் மொத்தமாகக் குழந்தைகளுக்கு உதவும் அறக்கட்டளைக்கு அனுப்பினால், ரசீது உங்கள் ஒருவர் பெயரில்தான் வரும். அந்த நாற்பது பேரும் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கேட்க முடியாது. அறக்கட்டளையின் கியூஆர் கோடையே நோட்டீஸில் போடுங்கள். வரிச்சலுகை வேண்டுபவரிடம் பான் எண் வாங்கி அவர்களுக்குக் கொடுங்கள். நன்கொடைச் சான்றிதழ் அங்கிருந்து வர வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை, புதிய வரி முறையில் இருப்பவருக்கும் இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

வெளிநாட்டுச் சொந்தங்களிடம் கேட்கும்போது கவனம். இந்தியக் குடியுரிமையை விடாதவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு செய்த அமைப்பு மட்டும்தான், அதற்கென்று உள்ள கணக்கில், அதை வாங்கலாம். தெரியாமல் வாங்கினாலும் மாட்டிக்கொள்வது அறக்கட்டளைதான்.

'ஆபரேஷனுக்கு' என்று மட்டும் கேட்பது

ஏழைக் குடும்பத்துக் குழந்தையின் இதய அறுவை சிகிச்சையை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பெரும்பாலும் செய்துகொள்ள முடிகிறது. அந்தக் குடும்பம் தடுமாறுவது அதற்கு முன்னும் பின்னும். வால்வு மாற்றியவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டால், ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று வாழ்நாள் முழுக்க அடிக்கடி பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து டவுனுக்கு வந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துப் போக ஒரு நாள் கூலி போய்விடும். ருமாட்டிக் காய்ச்சலில் வால்வு கெட்ட பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, பல வருடம். இரண்டு மூன்று தடவை விட்டுப்போனால் காய்ச்சல் திரும்பி வந்து வால்வை இன்னும் கெடுக்கலாம். பஸ் காசு, விட்டுப்போன நாள் கூலி, கோவையில் தங்க ஒரு அறை: இதற்கென்று வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். கொடுப்பவர்களுக்குப் புரிகிறது. நாங்கள் போன வருடம் 'ஒரு பிள்ளைக்கு ஒரு வருடத்துப் பஸ் காசு' என்று கேட்டோம், சீக்கிரமே நிறைந்தது.

குழந்தையின் படம்

பேனரில் போடாதீர்கள். அந்தப் பிள்ளை திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போக வேண்டும்.

டி-ஷர்ட், மெடல், மேடை

வேண்டாம்.

செப்டம்பர் 29

உலக இதய நாளில்தான் நடத்த வேண்டும் என்று நிற்பார்கள். அன்றைக்குப் பேச்சு, இலவச பிரஷர் பரிசோதனை, பதிவு தொடக்கம் எல்லாம் வையுங்கள். மலை நடையை வைக்காதீர்கள். அதற்கடுத்த இரண்டு மாதமும் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்கள் யாரும் அந்தச் சமயத்தில் ஐந்நூறு பேரைச் சரிவான ரோட்டில் நடக்கவிட மாட்டார்கள். எங்களுக்குப் பிப்ரவரி கடைசி தோதாக இருக்கிறது. உறைபனி குறைந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. எட்டு மணிக்கு முன்னால் புறப்படுவதில்லை. இதயத்துக்கும் நல்லது, தேயிலைக் காட்டில் நிற்கும் காட்டெருமைகளும் அதற்குள் உள்ளே போயிருக்கும்.

வெளியூர் வண்டிகள்

நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்கச் சொல்லி முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மாவட்டத்துக்குள் கூடாது. எவர்சில்வர் பாட்டில் கொண்டு வரட்டும், மூன்று கிலோமீட்டருக்கு ஒரு டிரம் வைத்தால் போதும்.

இறக்கம்

முடிவை இறக்கத்தில் வைக்காதீர்கள். மூச்சு வாங்காது என்பதால் எல்லோரும் ஓடுவார்கள், மறுநாள் முழங்கால் வலிக்கிறது என்று உங்களுக்குத்தான் போன் வரும். கடைசி ஒரு கிலோமீட்டர் சமமாக இருக்கட்டும், முடியும் இடத்தில் உட்கார நாற்காலியும் நர்ஸும் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கட்டும். நடக்கும்போது ஒன்றும் தெரியாமல், டீ குடித்துக்கொண்டிருக்கும்போது தலை சுற்றி உட்கார்ந்தவர்களை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.