ஏர் பிஸ்டல் பிடியை உங்கள் கைக்கு ஏற்றபடி மாற்றுவது எப்படி?

10 மீட்டர் ஏர் பிஸ்டலில் பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் வெறும் 11.5 மி.மீ. போட்டியில் 75 நிமிடத்துக்குள் 60 குண்டுகள் சுட வேண்டும். அத்தனை முறையும் பிடி கையில் ஒரே மாதிரி உட்கார வேண்டும். ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று வரும் வால்நட் மரப்பிடிகள் ஏறக்குறையத்தான் பொருந்தும். மீதியை நாம்தான் சரிசெய்துகொள்ள வேண்டும்.

முதலில் பாதுகாப்பு. உள்ளே குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு, காற்று சிலிண்டரைக் கழற்றி வையுங்கள்.

கண்ணை மூடிப் பாருங்கள். வெற்றுச் சுவரைப் பார்த்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை உயர்த்துங்கள். மூன்று மூச்சு கழித்துக் கண்ணைத் திறங்கள். பின் சைட்டின் (கண்ணுக்கு அருகில் உள்ள குறி பார்க்கும் தகடு) பள்ளத்துக்கு நடுவில் முன் சைட் (குழல் முனையில் உள்ள குறி) நிற்கிறதா? பத்து முறை செய்து ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எப்போதும் ஒரே பக்கம் விலகினால் பிடியில் வேலை இருக்கிறது. இங்கும் அங்கும் சிதறினால் அரத்தைத் தொடாதீர்கள். நீங்கள் பிடிக்கும் விதம் இன்னும் நிலைப்படவில்லை, அவ்வளவுதான்.

அழுத்தும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். உள்ளங்கையில் லேசாக லிப்ஸ்டிக் தடவி, சுடும்போது பிடிப்பதுபோலப் பிடித்து விடுங்கள். அடர்த்தியாக ஒட்டிய இடம் மேடு, ஒட்டாத இடம் பள்ளம்.

முதலில் நிரப்புங்கள், அப்புறம் செதுக்குங்கள். அடிக்கோடிட்டுச் சொல்வேன். செதுக்கிய மரம் திரும்பி வராது; நிரப்பும் புட்டியை எப்போது வேண்டுமானாலும் தேய்த்து எடுக்கலாம். பிடியின் திருகைக் கழற்றித் தனியே எடுத்து, நிரப்பும் இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். இரண்டு பகுதிகளைப் பிசையும் எம்-சீல் போன்ற புட்டியை மெல்லிய பட்டையாக ஒட்டி, மேலே பிளாஸ்டிக் உறை போடுங்கள். பிடியைத் திரும்ப மாட்டி, கையை நீட்டி நின்று பிடியுங்கள். மேசையில் கையை ஊன்றிப் பிடித்தால் மணிக்கட்டின் கோணமே வேறாகிவிடும். விரல்களின் தடம் பதிந்ததும் கையை மெதுவாக எடுத்து, ஒரு முழு நாள் காயவிடுங்கள்.

செதுக்குதல். அரைவட்ட அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக. நாலு இழுப்பு இழுத்து, மாட்டிப் பார்த்து, மறுபடி. மரத்தூள் மூக்கில் ஏறாமல் முகக்கவசம் அணியுங்கள். மிக முக்கியமான இடம் ஆள்காட்டி விரல் போகும் வழி. அந்த விரல் மரத்தை உரசினால், ட்ரிகரை இழுக்கும்போது பிஸ்டலும் பக்கவாட்டில் நகரும். விரலுக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும்.

முடித்த பின் வார்னிஷ் வேண்டாம். வியர்த்த கையில் வழுக்கும். 120-ஆம் எண் உப்புத்தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கீழ்த் தட்டு. உள்ளங்கையைத் தாங்கும் இந்தத் தட்டை இறுக்கமாக வைப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. சுடச்சுட கை சற்று வீங்கும். முப்பதாவது குண்டில் விரல் மரத்துப்போகும். ஒரு தாள் நுழையும் இடைவெளி விடுங்கள்.

போட்டிக்குப் போகிறவர்கள் ஐ.எஸ்.எஸ்.எஃப் (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனம்) விதியையும் பாருங்கள். மணிக்கட்டு பிடியைத் தொடாமல் வெளியே தெரிய வேண்டும். மொத்த எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது. பிஸ்டல் முழுவதும் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். புட்டி போட்டுத் தடித்த பிடி அந்த 50 மி.மீ.-இல் இடிக்கலாம். அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.