உறுமி, மோர்சிங், பால் மங்கு: குறும்படத்திற்கு அரிய வாத்தியங்களைப் பயன்படுத்தும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் குறும்படம் எடுக்கும் இளைஞர்களுக்கு இன்று கேமராவும் நடிகர்களும் பெரிய தடையல்ல. கைப்பேசியிலேயே படம் எடுத்து, அதிலேயே வெட்டி ஒட்டி முடித்து விடுகிறார்கள். படம் தடுமாறுவது இசையில்தான். கீபோர்டில் உள்ள வயலின் கூட்டத்தின் ஒலியை எடுத்துச் சோகக் காட்சிக்கு ஒரு முறையும் சண்டைக் காட்சிக்கு ஒரு முறையும் நீட்டி வைத்தால், பெரிய படத்தின் இசை வந்து விடும் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. அது வருவதில்லை. ஐம்பது பேர் சேர்ந்து வாசிப்பதைப் போலியாகக் கேட்பதைவிட, ஒரே ஒருவர் ஒரே ஒரு வாத்தியத்தை உண்மையாக வாசிப்பதைக் கேட்கும்போதுதான் திரையில் இருக்கும் மனிதர் மீது நமக்கு நம்பிக்கை பிறக்கிறது. ஆகவே வாத்தியக்குழுவில் இடம்பெறாத ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்து, நம் ஊரிலேயே பதிவு செய்து, படத்தில் பொருத்தும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, இவ்வகைக் கருவிகளை நன்றாகக் கையாண்ட படங்களை இசைக்காகவே மீண்டும் பார்ப்பது. முதல் முறை படத்தை முழுதாகப் பாருங்கள். இரண்டாம் முறை திரையை மறைத்து விட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். அந்தக் கருவி முதன்முதலில் எங்கே நுழைகிறது, எந்தக் காட்சிகளில் வருகிறது, வரக்கூடும் என்று நாம் எதிர்பார்த்த எந்தக் காட்சியில் வராமல் இருக்கிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்ன குறிப்புதான் அதிகம் கற்றுத்தரும். ஏனெனில் அரிய வாத்தியத்தின் வலிமை அது ஒரே ஒரு வேலைக்கு அமர்த்தப்படுவதில் இருக்கிறது. எல்லாக் காட்சிக்கும் அழைக்கப்பட்டால் அது வெறும் அலங்காரமாகி விடும்.

1945இல் வெளிவந்த ஹிட்ச்காக்கின் 'ஸ்பெல்பவுண்ட்' இதற்கு நல்ல பாடம். இசையமைப்பாளர் மிக்லோஸ் ரோசா அதில் தெரெமின் என்னும் மின்கருவியைப் பயன்படுத்தினார். அக்கருவியை வாசிப்பவர் அதைத் தொடுவதே இல்லை. ஒரு கை சுருதிக்கான கம்பியின் அருகிலும் மறு கை ஒலியளவுக்கான வளையத்தின் அருகிலும் காற்றில் அசைய, மனிதக் குரலுக்கும் வயலினுக்கும் இடைப்பட்ட ஒரு நடுக்கமான ஒலி எழுகிறது. ரோசா அதைக் கதாநாயகனின் மனக்கலக்கத்திற்கென்றே ஒதுக்கி வைத்தார். காதல் காட்சிகளைத் தந்திக் கருவிகள் பார்த்துக்கொண்டன. அதனால்தான் தெரெமின் நுழையும்போதெல்லாம், நடிகர் முகத்தில் மாற்றம் தெரிவதற்கு முன்பே பார்ப்பவர் நிமிர்ந்து உட்காருகிறார்.

1949இல் வந்த 'தி தேர்ட் மேன்' இதற்கு நேர் எதிரான வழியில் சென்று அதே அளவு வெற்றி பெற்றது. வியன்னாவைச் சேர்ந்த ஆன்டன் கராஸ் என்பவர் ஸிதர் என்னும் தந்திக் கருவியை மேசை மேல் கிடத்தி வைத்து மீட்டியதுதான் அந்தப் படத்தின் முழு இசையும். வேறு வாத்தியக்குழு இல்லை. போருக்குப் பின் சிதைந்து கிடக்கும் நகரத்தின் மேல் அந்தத் துள்ளலான ஒலி ஓடும்போது, ஊர் முழுதும் ஏதோ ஒன்றை மறைத்துக்கொண்டு சிரிப்பதாகத் தோன்றுகிறது. பணம் இல்லாத குறும்படக் குழுவினருக்கு இதைவிட ஊக்கம் தரும் முன்மாதிரி எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவதாக, செர்ஜியோ லியோனேயின் 'ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்' படத்தைக் கேளுங்கள். 1965இல் வந்த அப்படத்திற்கு என்னியோ மோரிகோனே இசையமைத்தார். நம் கச்சேரி மேடைகளில் வாயில் வைத்து மீட்டக் காணும் மோர்சிங்கின் இனத்தைச் சேர்ந்த கருவி அதில் தனியாக அதிர்கிறது. அதைவிட முக்கியமானது அதில் வரும் சட்டைப்பைக் கடிகாரம். கதைக்குள் பாத்திரத்தின் கையில் இருக்கும் அந்தக் கடிகாரம் திறக்கும்போது ஒலிக்கும் சிறு மெட்டு மெல்லப் பின்னணி இசையாகவே வளர்ந்து, இரண்டு மனிதர்களின் பழைய பகையைச் சொல்லாமல் சொல்லி விடுகிறது. கதையில் உள்ள ஒரு பொருளே வாத்தியமாவது எப்படி என்பதை இதில் கற்கலாம். பழைய தோட்டத்தைப் பற்றிப் படம் எடுப்பவர், பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூட்ட அடிக்கப்பட்ட மணியை இந்த முறையில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழ்ப் படங்களில் கேட்க வேண்டியது 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்'. கே. வி. மகாதேவன் இசையில், திரையில் சிவாஜி கணேசன் கையில் இருக்கும் நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமனும் பொன்னுசாமியும். அதில் நாதஸ்வரம் கதைமாந்தர்களில் ஒருவராகவே நிற்கிறது. கோபம், கர்வம், காதல் எல்லாம் அதன் வழியே வெளிப்படுகின்றன.

கேட்டுப் பழகிய பின், தேய்ந்து போன ஒலிகள் எவை என்பதும் புலப்படும். தெரெமின் 1951இல் 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்தில் வேற்றுக்கிரகத்தாரின் வருகைக்கு ஒலித்த பின், விண்வெளி என்றாலே அந்த ஒலிதான் என்றாகி விட்டது. ஆர்மீனியாவின் துதுக் என்னும் மரக்குழல், 2000ஆம் ஆண்டு 'கிளாடியேட்டர்' படத்திற்குப் பிறகு பாலைவனத் துயரத்தின் முத்திரையாகி, எண்ணற்ற படங்களில் அதே பெருமூச்சை விட்டுக்கொண்டிருக்கிறது. நம் சினிமாவில் ஷெனாய்க்கு நேர்ந்ததும் இதுவே. வடக்கே மங்கல நாளில் வாசிக்கப்படும் அந்தக் கருவி, தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் யாராவது இறந்தால்தான் வாய் திறந்தது. இத்தகைய பழக்கப்பட்ட பொருளை உடைய ஒலியைத் தேர்ந்தெடுத்தால், பார்ப்பவர் உங்கள் கதையை விட்டு விட்டுப் பழைய படங்களை நினைக்கத் தொடங்குவார். கல்யாணத்திற்கு நாதஸ்வரம், மலாய் வீட்டைக் காட்டியதும் கொம்பாங் என்னும் மலாய்க் கைப்பறை என்று வைப்பதும் இதே வழுக்கல்தான்.

இனி நம் ஊரில் கிடைப்பவற்றைப் பார்ப்போம். உறுமியைத்தான் முதலில் சொல்வேன். மலேசியாவில் உறுமி மேளக் குழு இல்லாத தோட்டப் பட்டணம் அரிது. தைப்பூசத்திலும் கோயில் திருவிழாக்களிலும் அதைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். ஆனால் கூட்டத்தின் நடுவே கேட்டதால், அதன் தனிக்குரலை நம்மில் பலர் கேட்டதே இல்லை. இடை சற்றுக் குறுகிய இரு முகத் தோற்கருவி அது. ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். குச்சி தோலைப் பற்றுவதும் நழுவுவதுமாக மாறி மாறி நடப்பதால் அந்த உறுமல் எழுகிறது. வில்லால் வயலின் தந்தியை இழுக்கும்போது நிகழ்வதும் இதே செயல்தான். எனவே உறுமியைத் தாளக்கருவி என்று மட்டும் எண்ணாமல், அடிக்கும் முகத்தை முழுதாக நிறுத்தி விட்டுத் தேய்க்கும் முகத்தை மட்டும் மிக மெதுவாக ஒலிக்கச் சொல்லிக் கேளுங்கள். திருவிழா மறைந்து, மூச்சுத் திணறும் ஒருவரின் முனகல் கேட்கும். ஒரு முழுக் குறும்படத்திற்கு அந்த ஒரு ஒலி போதும்.

உடுக்கை கையடக்கமானது; இடையில் உள்ள கயிறுகளை அழுத்தியும் தளர்த்தியும் சுருதியை ஏற்றி இறக்கலாம். ஆனால் சாமி அழைக்கப் பயன்படும் உடுக்கையைக் கேட்பதற்கு முன் பூசாரி ஐயாவிடம் முறையாக அனுமதி பெற வேண்டும். எந்தக் காட்சிக்கு வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லி விட வேண்டும். அவர் மறுத்தால் கடையில் வாங்கிய வேறு உடுக்கையைப் பயன்படுத்துவதே மரியாதை.

வாத்தியம் என்று பெயர் பெறாத பொருள்களையும் தேடுங்கள். ஜெரி கோல்ட்ஸ்மித் 1968இல் 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்திற்குச் சமையலறையில் மாவு கலக்கும் எஃகுக் கிண்ணங்களையே தாளக்கருவியாக்கினார். நம்மிடம் அதைவிடப் பொருள் பொதிந்த கிண்ணம் இருக்கிறது. ரப்பர் மரத்தில் பால் சேகரித்த பழைய பீங்கான் மங்குகள் இன்னும் பல வீடுகளின் பின்புறத்தில் கிடக்கின்றன. ஒட்டுப்பால் கறையைக் கழுவி, விரிசல் இல்லாதவற்றை மட்டும் பொறுக்கி, மடித்த துணியின் மேல் வரிசையாக வைத்து, மெல்லிய மூங்கில் குச்சியால் விளிம்பைத் தட்டினால் ஜலதரங்கம் தயார். தண்ணீர் ஊற்ற ஊற்றச் சுருதி இறங்கும். ஆகவே தேவையான சுரத்தைவிடச் சற்று உயர்ந்து ஒலிக்கும் மங்கை எடுத்துக்கொண்டு, கரண்டியால் சிறிது சிறிதாகத் தண்ணீர் சேர்த்து இறக்க வேண்டும். பிளாஸ்டிக் மங்கு இதற்கு உதவாது. ஐந்து சுரங்கள் கிடைத்தால் மோகனமே வாசித்து விடலாம், ஆயினும் இரண்டு சுரங்களோடு நிறுத்திக்கொள்வது பெரும்பாலும் நல்லது. பால்வெட்டிய பாட்டி ஒருவரைப் பற்றிய படத்தில் அந்த ஒலி வந்தால், அது எதிலிருந்து எழுந்தது என்பதை ஒரு காட்சியில் காட்டி விட்டாலே போதும், விளக்கம் தேவைப்படாது.

சேகண்டியைத் தட்டி, ஒலி அடங்குவதற்குள் வாளித் தண்ணீரில் பாதி இறக்கினால் ஒலி வளைந்து கீழே சரியும். கனவு, மயக்கம் போன்ற காட்சிகளுக்கு இது உதவும்.

பதிவு செய்வதில் நம் ஊரின் முதல் எதிரி தகரக் கூரை. பிற்பகல் மழை தொடங்கினால் எல்லாம் முடிந்தது. அதிகாலையில் சேவலும் குயிலும் மோட்டார் சைக்கிள்களும். மாலையில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி. பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, வார நாளில் காலை 9 மணி முதல் 11 மணி வரை கிடைக்கும் நேரமே மிக அமைதியானது. காற்றாடியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்துங்கள். குளிர்பெட்டியின் இரைச்சலையும் மறந்து விடாதீர்கள். கல்யாண மண்டபம் இடம் பெரிதாக இருக்கிறதே என்று அங்கே போக வேண்டாம், அதன் எதிரொலியைப் பிறகு நீக்க முடியாது. மெத்தையும் துணிகளும் நிறைந்த படுக்கையறையே சிறந்த ஒலிப்பதிவு அறை. எதிரொலி தேவையானால் கணினியில் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டில் தோல் தளர்ந்து சுருதி இறங்குவது இயல்பு. "கொஞ்சம் பொறுங்க தம்பி, தோல் ஈரம் புடிச்சிருக்கு, வெயில்ல காட்டிட்டு அடிக்கலாம்லா" என்று உறுமிக்காரர் சொன்னால், அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். சூடேறிய தோல் அதே நிலையில் நெடுநேரம் நிற்காது என்பதால், விறைப்பான ஒலி தேவைப்படும் பகுதிகளை முதலில் பதிவு செய்து, மெதுவான உறுமலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தளர்ந்த தோல் அதற்குப் பொருத்தமாகவே இருக்கும்.

கைப்பேசியில் பதிவதாக இருந்தால், ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைக்கக்கூடிய செயலியைத் தேர்ந்தெடுத்து, சுருக்கப்படாத வேவ் கோப்பாக 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். திரைப்பட ஒலிக்கு அதுவே வழக்கமான அளவு. ஒலியைப் பின்னர் பாதி வேகத்திற்கு இறக்கும் எண்ணம் இருந்தால், கருவி இடம் கொடுத்தால் 96இல் பதியலாம். பாதி வேகத்தில் நீளம் இரு மடங்காகி, சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். மங்கின் ஒலி அப்போது பெரிய கோயில் மணியாகி விடுகிறது. ஒலிமானியின் உச்சம் கழித்தல் 12 டெசிபல் அளவில் நிற்கட்டும். உறுமியின் அடிக்கும் முகத்திற்கு 2 மீட்டர் தொலைவும், தேய்க்கும் முகத்திற்கு அரை மீட்டரும் வைத்து இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். மோர்சிங்குக்கு ஒரு சாண் தூரம் போதும், ஆனால் மைக் வாய்க்கு நேராக இல்லாமல் சற்று விலகி இருந்தால் மூச்சுக் காற்று இடிக்காது. ஒவ்வொரு இடத்திலும் எவரும் அசையாமல் ஒரு நிமிட அமைதியையும் பதிந்து வையுங்கள். வெட்டிய இடங்களை ஒட்டுவதற்கு அது தேவைப்படும்.

படத்தில் சேர்க்கும்போது, அந்த ஒலி வரும் இடத்தில் கீபோர்டு, பாட்டு, உரையாடல் எதுவும் மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீபோர்டு உடன் செல்லத்தான் வேண்டும் என்றால் வாத்தியத்தின் சுருதிக்குக் கீபோர்டை மாற்றுங்கள். பாரி என்னும் நீளமான, தாழ்ந்த சுருதி நாதஸ்வரம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் இருக்கும். அதைக் கணினியில் இழுத்து மேற்கத்திய அளவுக்குப் பொருத்தினால் கமகங்கள் கெட்டு, உலோகச் சத்தம் கலந்து விடும். பத்து நிமிடப் படத்தில் அந்த வாத்தியம் மூன்று இடங்களில் வந்தால் போதுமானது. நான்காவதாக ஓரிடம் கையை இழுத்தால், மற்ற மூன்றில் எது பலவீனமானது என்று பார்த்து அதை எடுத்து விடுங்கள்.

வாசித்தவருக்குக் கூலியை அன்றைக்கே கையில் கொடுங்கள்; கோயிலில் வாசிக்க என்ன வாங்குகிறாரோ அதற்குக் குறையக் கூடாது. அவருடைய வாசிப்பை வேறு படங்களுக்கும் எடுத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், முன்கூட்டியே கேட்டு எழுத்தில் சம்மதம் பெறுங்கள். பதிவின் ஒரு நகலை அவருக்கு அனுப்புங்கள். படத்தின் முடிவில் வரும் பெயர்ப் பட்டியலில் 'இசை' என்று ஒருவர் பெயரோடு முடித்து விடாமல், உறுமி யார், மோர்சிங் யார், மங்கு தந்த வீட்டார் யார் என்று தனித்தனி வரியில், அவர்கள் எழுதச் சொன்ன எழுத்துக்கூட்டலிலேயே போடுங்கள்.